கொங்கு அணைகளில் கோடைப் படகுப் பயணம்: நீர்மட்டம் பார்ப்பது முதல் கரையேறுவது வரை

கொங்கு நாட்டில் இயற்கையாக அமைந்த பெரிய ஏரிகள் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. நொய்யலை நம்பிய குளங்கள் உண்டு, சேர்வராயன் மலைமேல் ஏற்காடு ஏரி உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் வேண்டுமென்றால் மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி என்று அணைகளுக்குத்தான் போக வேண்டும். அவையெல்லாம் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் கட்டியவை. தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை வயலும் வாய்க்காலும்தான் முடிவு செய்கின்றன. படகுக்கு அதற்கு அப்புறம்தான் இடம்.

அதனால் பள்ளி லீவு விட்டதும் முதலில் ரூம் போட்டுவிட்டு, பிறகு படகு ஓடுகிறதா என்று விசாரிப்பது தலைகீழான வேலை. முதலில் நீர்மட்டம், அப்புறம் நாள், அப்புறம் இடம், கடைசியில் ரூம். இந்த வரிசையில் போனால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நிலை வராது.

முதல் படி: நீர்மட்டத்தைப் படியுங்கள்

நம் பக்கத்து நாளிதழ்களில் தினமும் ஒரு மூலையில் அணைகளின் நீர்மட்டம் போடுகிறார்கள். விவசாயிகள் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து நீங்களும் பாருங்கள். முழுக் கொள்ளளவின்போது மேட்டூரின் உயரம் 120 அடி, ஆழியாறும் 120 அடி, பவானிசாகர் 105 அடி, அமராவதி 90 அடி, திருமூர்த்தி 60 அடி. பவானிசாகரில் மொத்தம் 120 அடி. அடியில் சேற்றுக்கென்று 15 அடியைக் கழித்துவிட்டு 105 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நீர்மட்டம் பாதியாக இருந்தால் தண்ணீரும் பாதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அணையின் உட்புறம் வாணலி மாதிரி, மேலே அகலம், கீழே குறுகல். பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டால் தண்ணீரின் அளவு பாதியைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். கரையும் அந்த அளவுக்கு உள்ளே போயிருக்கும். படகுத்துறை ஒரு பக்கம் காய்ந்து நிற்க, தண்ணீர் எங்கோ தொலைவில் பளபளக்கும். நடுவில் இருப்பது வண்டல். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். இதனால்தான் பெரிய அணைகளில் கோடையில் படகை நிறுத்திவிடுகிறார்கள்.

நீர்மட்டத்தோடு சேர்த்து, வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி போகிறது என்பதையும் பாருங்கள். ஒரு கன அடி என்பது கிட்டத்தட்ட 28 லிட்டர். வரத்தைவிட வெளியேற்றம் பல மடங்கு இருந்தால் நீங்கள் போகும்போது கரை இன்னும் உள்ளே போயிருக்கும். வரத்து திடீரென்று ஏறினால் மலையில் மழை என்று அர்த்தம். அப்போது ஆற்றோரம் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

ஒவ்வொரு அணைக்கும் ஒரு நடை உண்டு. கீழ்பவானி வாய்க்காலுக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஒரு போகத்துக்கும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய இன்னொரு போகத்துக்கும் தண்ணீர் விடுவது வழக்கம். அதனால் மே மாதத்தில் பவானிசாகர் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். மேட்டூரில் காவிரி டெல்டாவுக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28 வரை விடுவது மரபு. அதற்கு அப்புறம் கோடையில் எவ்வளவு மிஞ்சும் என்பது முந்தைய மழையைப் பொறுத்தது. அமராவதிக்குப் பாம்பாறு, சின்னாறு, தேனாறு என்று மூணாறு பக்கத்து மலைகளிலிருந்து தண்ணீர் வருகிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வேகமாக ஏறும்.

திருமூர்த்தியின் கதை வேறு. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாய் வழியாக இங்கே தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலத்தை, நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். கால்வாயில் தண்ணீர் வரும் காலத்தில், சுற்றிலும் வெயில் கொளுத்தினாலும் அணை நிறைந்திருக்கலாம். கால்வாயில் பராமரிப்பு வேலை நடக்கும்போது மழைக்காலத்திலும் இறங்கியிருக்கலாம். உடுமலைப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால், "கால்வாயில தண்ணி வருதுங்களா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வேறெந்தத் தகவலும் இதற்கு ஈடாகாது.

இரண்டாம் படி: நாளும் நேரமும்

பங்குனி கடைசியிலேயே ஈரோடு, கரூர், சேலம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடப் பார்க்கும். மே முதல் வாரம் கத்திரி பிறக்கிறது, மாதக் கடைசி வரை நீள்கிறது. நடு அணையில் நிழல் கிடையாது. மேலிருந்து ஒரு வெயில், தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும் இன்னொரு வெயில். மத்தியானம் படகேறுவது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது.

சாயங்காலம் போகலாமே என்று தோன்றும். சித்திரை, வைகாசியில் கோடைமழை வருவதே மத்தியானத்துக்கு மேல்தான். காலையெல்லாம் சுட்ட நிலத்திலிருந்து மேகம் திரண்டு, மூன்று நான்கு மணிக்கு முதலில் காற்று, அப்புறம் இடி, அப்புறம் மழை. தட்டையாகக் கிடந்த தண்ணீர் அந்த முதல் காற்றிலேயே அலையெடுத்துவிடும். ஆகவே காலைதான் சரி. துறை திறந்ததும் முதல் ஆளாக நில்லுங்கள். பதினொரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பாலக்காட்டுக் கணவாய். மே கடைசியில் தென்மேற்குக் காற்று எடுத்துவிட்டால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வாங்கு வாங்கென்று வாங்கும். அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன், ஜூலையில் அணை நிறையத் தொடங்கும், பார்க்க அழகாக இருக்கும்; மிதிபடகுக்கோ அது கெட்ட காலம். ஆக மொத்தத்தில், பள்ளி லீவுக்குள் போகவேண்டுமென்றால் ஏப்ரல் கடைசி வாரம் என் தேர்வு. தண்ணீர் இன்னும் முழுதாக இறங்கியிருக்காது, காற்றும் எடுத்திருக்காது. முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று மேட்டூரும் பவானி கூடுதுறையும் அமராவதியும் ஜனக்கடல். பவானிசாகர் அணையின் மேல்பகுதியில் பொதுமக்களை விடுவதென்றால் வழக்கமாக அந்த ஒரு நாள்தான். அணையைப் பார்க்க வேண்டுமென்பவர்கள் அதற்குப் போகலாம், படகுக்காக அந்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எந்தத் தண்ணீர்?

ஒரே ஒரு நாள்தான் கைவசம் இருக்கிறது என்றால் பரளிக்காட்டைச் சொல்வேன். காரமடை, வெள்ளியங்காடு வழியாகக் கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பில்லூர் அணையின் தேக்கத்தில், மலை நடுவே பரிசல் பயணம். வனத்துறை நடத்துகிறது, பரிசல் ஓட்டுவதும் சமைப்பதும் அங்கிருக்கும் பழங்குடி மக்கள். சனி, ஞாயிறுகளில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். காலையில் போய்ச் சேர்ந்ததும் சுக்குக் காபி, அப்புறம் பரிசல், மத்தியானம் களியும் கீரையுமாகச் சாப்பாடு, அதற்குப் பிறகு அத்திக்கடவுப் பக்கம் பவானி ஆற்றில் குளியல். மோட்டார் சத்தம் இல்லாததால் தண்ணீரில் துடுப்பு விழும் ஓசையும் கரையில் பறவை கூவுவதும் தெளிவாகக் கேட்கும். கட்டணம் நேராக அந்த ஊர்க்காரர்களுக்கு வேலையாகவும் வருமானமாகவும் போகிறது என்பதும் எனக்குப் பிடித்த காரணம். இரவு தங்க வேண்டுமென்றால் பூச்சமரத்தூரில் வனத்துறையின் விடுதி உண்டு. மது, பிளாஸ்டிக் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பில்லூர் மிகவும் இறங்கினாலோ பொங்கினாலோ பரிசலை நிறுத்திவிடுவார்கள்.

ஆழியாறு, குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஏற்ற இடம். பொள்ளாச்சியிலிருந்து 24 கிலோமீட்டர், நல்ல சாலை, அடிவாரத்தில் பூங்கா, அணை மீன் வறுக்கும் கடைகள். ஆனைமலைத் தொடர் தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கும் காட்சி மற்ற அணைகளில் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது. மேலே வால்பாறைச் சாலையில் கவியருவி இருக்கிறது. வறண்ட கோடையில் அங்கே தண்ணீர் இருக்காது, அதை நம்பி மாற்றுத் துணி கட்டாதீர்கள்.

திருமூர்த்தியில் படகோடு அமணலிங்கேசுவரர் கோயிலும் பஞ்சலிங்க அருவியும் சேர்ந்து அமையும். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதுதான் தோது. அமராவதியில் முதலைகள் காட்டிலேயே இனப்பெருக்கம் செய்து வாழ்கின்றன. பக்கத்தில் முதலைப் பண்ணையும் உண்டு. அங்கே தண்ணீரில் கை நனைப்பதும் காலைத் தொங்கப்போடுவதும் கூடவே கூடாது.

பவானிசாகர் 1955-ல் முடிந்த நீளமான மண் அணை. கரையடியில் பூங்காவும் மீன் கடைகளும் இருக்கின்றன. தேக்கத்தின் பெரும்பகுதி சத்தியமங்கலம் காட்டை ஒட்டியது, கோடையில் யானைகள் தண்ணீருக்கு வரும் கரை. மீனவர்களின் பரிசலில் பணம் கொடுத்து உள்ளே போவதை நினைக்கவே வேண்டாம். தண்ணீர் ரொம்பவும் இறங்கிய வருடங்களில் மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டை, மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். இதே அணை நிறைந்தால் அந்தப் பக்கம் சிறுமுகை அருகே லிங்காபுரம், காந்தவயல் மக்களுக்குப் பாலம் மூழ்கி, பள்ளிக்கூடம் போவதற்கும் பரிசல்தான் என்ற நிலை பல வருடம் இருந்தது. நாம் பொழுதுபோக்காக ஏறுவது அவர்களுக்கு வழித்துணை.

மேட்டூரும் அப்படித்தான். 1934-ல் முடிந்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); கொங்கில் இதைவிடப் பெரிய தண்ணீர் கிடையாது. பண்ணவாடித் துறையிலிருந்து எதிர்க்கரை நாகமரைக்கு ஊர்க்காரர்கள் படகில் போய்வருகிறார்கள். தண்ணீர் நன்றாக இறங்கிய கோடையில் பண்ணவாடி அருகே பழைய தேவாலயத்தின் கோபுரமும், அதைவிடக் கீழே போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் மேலே வரும். மற்ற இடங்களில் குறையாக இருக்கும் தண்ணீர்க் குறைவு இங்கே காட்சியாகிவிடுகிறது. இந்தப் படகில் ஏறினால் மூட்டையோடு வருபவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதலில் இடம் விடுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு ஏற்காடு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம். ஏரி சிறியது, ஆனால் அணைகள் வற்றும் மாதத்தில் கைகொடுக்கும். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் மட்டும் கூட்டம் தாங்காது. கொல்லிமலை வாசலூர்பட்டியிலும் ஒரு சிறு படகு இல்லம் உண்டு. அதற்கு மட்டுமென்று 70 வளைவு ஏற வேண்டாம், மலையைப் பார்க்கப் போனால் எட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: கேட்டு உறுதி செய்யுங்கள்

அணைப் படகுகள் ஒரே கையில் இல்லை. ஓரிடத்தில் வனத்துறை, ஓரிடத்தில் மீன்வளத் துறை, ஓரிடத்தில் மகளிர் குழு. ஏலம் முடிந்தாலோ படகு பழுதானாலோ மாதக்கணக்கில் நிற்கும். சமூக வலைத்தளத்தில் யாரோ போட்ட வீடியோ எந்த வருடத்தது என்று தெரியாது. போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் படகு ஓடுகிறதா, முதல் படகு எத்தனை மணிக்கு, கட்டணம் ஆளுக்கா படகுக்கா. போன் எடுக்கவில்லை என்றால் அணைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தெரிந்தவர் யாரையாவது பிடியுங்கள்.

சொந்தமாகக் காற்றடைத்த படகோ கயாக்கோ வைத்திருக்கிறவர்கள் அதை அணையில் இறக்க நினைக்கிறார்கள். நீர்வளத்துறையின் அனுமதி இல்லாமல் அது முடியாது. காட்டுப் பகுதியாக இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும். தூண்டில் போடுவதும் அப்படியே. மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும். ஊட்டி, பைக்காரா வரை ஏறுகிறவர்கள் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: வழித்திட்டம்

மூன்று நாள் இருந்தால் பொள்ளாச்சியை மையமாக வையுங்கள். முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து ஓய்வு. இரண்டாம் நாள் விடிந்ததும் ஆழியாறு, வெயில் ஏறும் முன் ரூமுக்குத் திரும்பிவிட்டு, சாயங்காலம் ஆனைமலை மாசாணியம்மன் கோயில். மூன்றாம் நாள் காலை உடுமலை வழியாகத் திருமூர்த்தி. அங்கே படகு இல்லையென்றால் அமராவதி. உடுமலையிலிருந்து திருமூர்த்தி சுமார் 20 கிலோமீட்டர், அமராவதி சுமார் 25. ஒரே நாளில் மூன்று அணையையும் அடித்துப்பிடித்துப் பார்க்கும் திட்டத்தை நான் ஏற்கமாட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்த நேரம்தான் மிஞ்சும்.

பிள்ளைகள் அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில் லீவுக்கு இருக்கும் குடும்பங்களுக்கு இன்னும் சுலபம். ஈரோடு, கோபி பக்கமென்றால் கொடிவேரி தடுப்பணையும் பவானிசாகர் பூங்காவும் ஒரே நாளில் அடங்கும். பவானிசாகரில் ஆற்றுக்கு அதிகமாகத் தண்ணீர் திறந்தால் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுவார்கள், அதையும் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல்காரர்கள் ஒரு காலை மேட்டூர், மறு காலை ஏற்காடு.

ஆறாம் படி: எடுத்துப்போக வேண்டியவை

பருத்தித் துணி, கயிறு கட்டிய தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு தூக்குப்போசி மோர். போனுக்குத் தண்ணீர் புகாத உறை. காலில் பின்வார் உள்ள செருப்பு. சேற்றில் கழன்று போகாது. பத்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றை வண்டியில் போட்டு வையுங்கள்.

ஏழாம் படி: தண்ணீரில் இருக்கும்போது

இந்தப் படியில் மட்டும் யாரும் அவசரப்பட வேண்டாம். நம் ஊரில் வருடா வருடம் கோடையில் அணையிலும் வாய்க்காலிலும் பிள்ளைகள் மூழ்கி உயிரை விடுகிறார்கள். கிணற்றில் நீச்சல் பழகியவன் அணையிலும் நீந்திவிடலாம் என்று நம்புகிறான். கிணற்றுக்குச் சுவர் உண்டு, படி உண்டு. அணைக்குள் பழைய ஆற்றுப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. இடுப்பளவு தண்ணீரிலிருந்து ஒரே எட்டில் ஆழத்துக்குப் போய்விடும். அடியில் மரக்கட்டை, அறுந்த வலை, இழுக்கும் சேறு. அணையில் இறங்கிக் குளிக்காதீர்கள், யார் கூப்பிட்டாலும்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டினால் மட்டும் போதாது. எல்லாக் கிளிப்பையும் போட்டு வாரை இறுக்கிய பின், தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடைக்கு மேல் ஏறினால் தளர்வு. குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டினால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே நழுவும். சின்ன அளவு இல்லையென்றால் அந்தப் படகில் குழந்தையை ஏற்றாதீர்கள். டிக்கெட் வாங்கியாயிற்றே என்று பார்க்காதீர்கள்.

பரிசலில் ஒவ்வொருவராக, குனிந்தபடி நடுவில் கால்வைத்து ஏறி, எதிரெதிராக எடை பார்த்துத் தரையில் உட்கார வேண்டும். போட்டோவுக்காக எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறிவிடும். பரிசலைச் சுழற்றச் சொல்லிப் பரிசல்காரரை வற்புறுத்தக் கூடாது. "காத்து வருதுங்க, இப்ப வேண்டாமுங்க" என்று அவர் சொன்னால் அதுதான் முடிவு. அந்தத் தண்ணீரை அவர் தினமும் பார்க்கிறார். மிதிபடகில் போனால் முதலில் எதிர்க்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். மாற்றிச் செய்தவர்கள்தான் நடுவில் நின்று கையசைக்கிறார்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி எல்லாவற்றையும் செருகிக்கொள்ளுங்கள்.

இடிச் சத்தம் காதில் விழுந்தால் உடனே கரை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறவேண்டாம், ஒற்றை மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால்: விழுந்தவர் கரைக்கு நீந்தப் பார்க்காமல் படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மல்லாந்து மிதக்க வேண்டும். ஜாக்கெட் தாங்கும். கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. கயிறு, சேலை, நீளக் கழி எதையாவது நீட்டுங்கள். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன் ஒரு ஆளை மிதக்க வைக்கும், அதைத் தூக்கிப் போடுங்கள். 108-க்கு அழைக்கும்போது அணையின் எந்தக் கரை, பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லுங்கள். காட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்கும் என்று எண்ணாமல், கடைசியாக எங்கே டவர் வந்தது என்பதைப் போகும்போதே கவனித்து வையுங்கள்.

எட்டாம் படி: வயிறு

படகேறும் முன் இட்லியோடு நிறுத்துங்கள். மீன் கரையேறிய பிறகு. கட்லா, ரோகு, ஜிலேபி என்று வளர்ப்பு மீன்கள்தான் அதிகம். "இன்னைக்குப் பிடிச்சதுங்களா?" என்று கேட்டு, முழு மீனின் செவுளைப் பார்த்து, கண்முன் வெட்டி மசாலா தடவச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்த பின் அணைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது யானை வரும் இடங்களில் ஆகாது. ஐந்தரைக்குள் வண்டியில் இருங்கள். மிஞ்சியதையும் பையையும் ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள், அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர்களில் குடிக்கிறார்கள்.

படகு ஓடாத நாளுக்கு

இவ்வளவும் பார்த்துப் போயும் துறை மூடியிருக்கலாம். அதற்கும் முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். ஆழியாறு இல்லையென்றால் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப், பரம்பிக்குளம். கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்தால் அங்கே மூங்கில் தெப்பம் உண்டு, கன்னிமாரா தேக்கும் பார்க்கலாம். திருமூர்த்தியில் கோயிலும் அருவியும், அமராவதியில் முதலைப் பண்ணையும் எப்படியும் இருக்கின்றன. பண்ணவாடியில் தண்ணீர் இறங்கியிருந்தால் நந்தியைப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் மட்டும் முந்தின நாளே "தண்ணி இருந்தா படகு, இல்லைன்னா நந்தி" என்று சொல்லி வையுங்கள்.